நனைந்த கோழி எந்தக் கரையில் நனைந்தது?

அன்னாக்மோர், லீட்ரிம்
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் எண்டா மக்டெர்னன் அவர்களுக்கு,

ஏரிக்கு இக்கரையிலிருந்து தங்கள் தங்கை அட்ராக்டாவின் கணவன் லாக்லன் கில்ஹூலி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆடுகளும் சுகம். அங்கு தங்கள் சுகத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன், பதில் தேவையில்லை.

நேற்று கீனி மதுக்கடையில், வானொலிக்காகப் பதிவு செய்ய டப்ளினிலிருந்து வந்த அந்த அம்மாள், "'நனைந்த கோழி'ங்கிற இந்த ஹார்ன்பைப் ஆட்டப் பாட்டு யார் போட்ட மெட்டு?" என்று கேட்டாள். கேட்டது என்னைப் பார்த்து. என் வாயில் பீர் இருந்தது. அதை நான் விழுங்குவதற்குள், "எங்க பெரிய தாத்தா போட்டதுங்க. கல்யாண வீட்டுல கூரை ஒழுகி, கோழி நனைஞ்சு நின்னுச்சு. அதைப் பார்த்தே போட்டாரு" என்று நீங்கள் அளந்துவிட்டீர்கள். மச்சான், கூரை ஒழுகினால் மெட்டு பிறக்குமா? இந்த மாவட்டத்தில் எல்லாக் கூரையும்தான் ஒழுகுகிறது! என் முப்பாட்டனார் டைக் கில்ஹூலியின் கோழி வெண்ணெய் கடையும் பானைக்குள் விழுந்து, ஒரே தவ்வாகத் தவ்வி வெளியே வந்தது. அதனால்தான் மெட்டின் இரண்டாம் பாதி சட்டென்று மேல் ஸ்வரத்துக்குத் தாவுகிறது. உங்கள் கரையில் அதே இடத்தில் கீழே இறங்குகிறீர்களே, கோழி என்ன, செத்தா போனது?

இதைத்தான் அங்கேயும் கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தாவுற இடத்துல அபஸ்வரம் தட்டுறவன்லாம் கோழியைப் பத்திப் பேசக் கூடாது." கடையே சிரித்தது. நான் பிடிலை எடுக்க, வேண்டுமென்றே நீங்களும் எடுக்க, நான் மேலே போக, நீங்கள் கீழே போக, டப்ளின் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போய் வாசிக்கிறாங்க!" என்றாள். போதாக்குறைக்குப் புல்லாங்குழல்காரி கன்செப்டா, "எங்க டனிகால்ல இதையே இன்னும் வேகமா வாசிப்போம். பேரு 'பிஷப்பின் கால்சட்டை'" என்றாள். அவளை முறைத்த அந்த ஒரு நொடிதான் நாம் இருவரும் ஒற்றுமையாக இருந்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இன்று காலை உன் தங்கை, என் வீட்டில், என் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, உன் மெட்டை முணுமுணுக்கிறாள்! கீழே இறங்குகிற மெட்டை! கேட்டால், "பொறந்த வீட்டுல கேட்டதுதான் வாயில வருது. வேணும்னா காதைப் பொத்திக்குங்க" என்கிறாள். இத்தனை வருஷமா என் வாசிப்பைக் கேட்டவள்டா மச்சான்!

ஆகையால் சனிக்கிழமை உன் மகள் டெர்வ்லாவின் கல்யாணத்தில் நான் வாசிக்க மாட்டேன். சமாதானத்துக்கு ஆள் அனுப்பாதே. பாதிரியாரே வந்தாலும் நாயை அவிழ்த்துவிடுவேன்.

மணமக்கள் நீடூழி வாழட்டும். உன் வைக்கோல் காய்ந்தே இருக்கட்டும். உன் விரல்களுக்காக மட்டும் நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு, மாறாத கோபத்துடன்,
லாக்லன்

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்காதே. உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு கிழவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நியூகாசில்காரர். ஆமாம், இங்கிலீஷ்காரர்! நேற்று மதுக்கடையில் மூலையில் உட்கார்ந்து கேட்டாராம். "இது எங்க தாத்தா நாடகக் கொட்டகையில மரச்செருப்பு மாட்டிக்கிட்டு ஆடின மெட்டுங்க ஐயா" என்று சொல்லி, என் அடுப்படித் தரையிலேயே ஆடியும் காட்டிவிட்டார். முதல் தடவை உன் இறக்கம், மறு தடவை என் தாவல், இரண்டும் அந்த ஒரே மெட்டில்! அட்ராக்டா கைதட்டி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அடுத்து உன் வீட்டுக்கு வழி கேட்டார். ஏரியை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் நீண்ட பாதையைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். தபாலை நம்பிப் பயனில்லை, இதை நானே காரில் எடுத்துக்கொண்டு வருகிறேன். அவர் வந்து சேர்வதற்குள் டப்ளின் அம்மாளுக்குப் போன் போட்டு விடுவோம்: இங்கிலீஷ்காரர் கைக்குப் போவதற்கு, மெட்டு உன் பெரிய தாத்தா போட்டதுதான் என்று நானே சத்தியம் செய்கிறேன். சனிக்கிழமை நானும் கீழேயே இறங்கி வாசிக்கிறேன்.