கயிற்றைப் பிடித்துக்கொண்டு திமிங்கலம் பார்க்கப் போனோம்

என்னைக் கடுப்பேற்றிய மனிதர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் பத்து இடங்களிலும் கயிறு அண்ணாச்சிதான் இருப்பார். பதினோராவது இடத்தில்தான் என் பழைய மேனேஜர் வருவார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை வாங்கியவர்தான். ஆனால் ஏர்போர்ட்டில் நாலு பேர் பார்க்க என் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு நிஜப் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பார்த்தேன், மறந்தும்விட்டேன். ராஜபாளையத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. ஊர்ப் பெண்களை வேனில் ஏற்றிக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போவது தொழில். வேனைவிட்டு இறங்கியதும் பையிலிருந்து பச்சை நைலான் கயிறு ஒன்று வெளியே வரும். ரெண்டு முழத்துக்கு ஒரு முடிச்சு, ஆளுக்கு ஒரு முடிச்சு. அண்ணாச்சி முன்னால் நின்று ஒரு இழுப்பு இழுத்தால், வரிசையாக எல்லாரும் அவரவர் முடிச்சு நம்பரைக் கத்த வேண்டும். நம்பர் விட்டுப்போனால் வண்டி நகராது.

முன்பு ஒருமுறை திருச்செந்தூரில் தன் சொந்த வீட்டம்மாவையே மறந்து விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தாராம். அந்த அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அண்ணாச்சி கயிறு வாங்கக் கடைக்குப் போனார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு சட்டம், ஓட்டலில் சாப்பிடக் கூடாது. கேஸ் அடுப்பு, அண்டா, சமையல் மாஸ்டர் எல்லாம் கூடவே வரும். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. தேக்கடிக்குக் கூட்டிப்போனபோது, படகில் எல்லாருக்கும் தயிர்ச்சோறு விளம்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து யானைக் கூட்டம் கரைக்கு வந்திருக்கிறது. "சாப்பிடும்போது என்னத்த வேடிக்க? இலையப் பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். யானைகள் வந்து, குளித்து, போயேவிட்டன. முப்பது பேரும் ஊறுகாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் எங்கள் திமிங்கலம் ஏன் மாட்டியது? அதைச் சொன்னால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும்.

செல்வி என் காலேஜ் தோழி. நான் ஸ்ரீவில்லிபுத்தூர், அவள் ராஜபாளையம். ஒரே பஸ், ஒரே பெஞ்சு, ஒரே அரியர். முதல் வருஷத்திலிருந்தே அவளுக்கு ஒரே ஆசை. சாகிறதுக்குள் ஒரு திமிங்கலத்தை நேரில் பார்க்க வேண்டும். அவள் போன், லேப்டாப், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் திமிங்கலம் ஒட்டியிருக்கும். தை மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையிடம் ஆசையைச் சொன்னாள். "திமிங்கலமா? யூடியூப்ல பாரு" என்று பதில் வந்தது. ஸ்மைலியோடு.

அன்றைக்கே நான் எக்செல் ஷீட்டைத் திறந்துவிட்டேன். இலங்கை, தெற்குக் கரை, மாசி மாதம், நீலத் திமிங்கலம். கூடவே ஒரு ஜீப் சஃபாரி. மணிவாரியாகப் பிளான், கலர் கலராகக் கட்டங்கள். அதைப் பிரிண்ட் எடுத்து செல்வியின் அப்பாவிடம் கொடுத்தோம். அவர் மில்லில் ஃபோர்மேன். மெஷின் பார்ட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூட யாரு வாரா?"

"நாங்க ரெண்டு பேருந்தான் மாமா."

"ரெண்டு பொம்பளப் பிள்ளைக, தனியா, கடலுக்குள்ள? கல்யாணம் வச்சிருக்க வீட்ல?"

செல்வி தினமும் மதுரைக்குத் தனியாகப் போய் வேலை பார்க்கிறாள். பதினைந்து பேருக்கு டீம் லீடர். ஆனால் திமிங்கலம் பார்க்க மட்டும் அவளுக்குத் துணை வேண்டும். திமிங்கலம் கையைப் பிடித்து இழுத்துவிடுமா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "கயிறு அண்ணாச்சி கூட்டிட்டுப் போறதா இருந்தாப் போங்க. இல்லன்னா பேச்ச விடுங்க."

விழுந்தடித்து அண்ணாச்சி கடைக்குப் போனோம். என் எக்செல் ஷீட்டை வாங்கி அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

"காட்டு விலங்கு பாக்கணும்னா செண்பகத்தோப்புக்கு வண்டி விடுதேன். மலை அணில் கெடக்கு. காலையில போயிட்டு மத்தியானம் வந்துரலாம்."

"அண்ணாச்சி, திமிங்கலம்."

"அணிலும் நிக்காம ஓடுது, திமிங்கலமும் நிக்காம ஓடுது. பொறவு என்ன?"

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலில் இருந்த திமிங்கல ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அதைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துவிட்டுப் பேப்பரைத் துடைத்தார்.

"சரி, போவோம். ஆனா ஆடியிலதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆடியில அந்தப் பக்கம் படகே எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. கடல் கொந்தளிக்கும். மாசிதான் சரியான நேரம்."

"மாசியில மாஸ்டருக்கு அம்புட்டு நாளும் கல்யாண ஆர்டர். ஆடியிலதான் அவிய சும்மா இருப்பாவ. வெளிநாடு போயி வந்த சமையக்காரரு நம்ம ஊர்ல அவிய ஒருத்தருதான், பாஸ்போட்டு வச்சிருக்காவ."

கேட்டீர்களா? திமிங்கலம் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பது கடல் இல்லை. சாம்பார் வைக்கிற மாஸ்டரின் ஓய்வு நாள். நான் கத்தினேன். மேப்பைக் காட்டினேன். பருவக்காற்றுக்குப் படம் போட்டேன். அண்ணாச்சி அமைதியாக அந்தப் படத்துக்குப் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதினார்.

ஒரு வாரத்தில் பிளான் முழுக்க மாறிவிட்டது. தெற்குக் கரையை அடித்துவிட்டுத் திருக்கோணமலை என்று எழுதியிருந்தார். ஏன்? அங்கே கோணேசர் கோயில் இருக்கிறது. அதற்கப்புறம் கதிர்காமம். ஏன்? ஆடித் திருவிழா. வேனை நிரப்ப மம்சாபுரத்திலிருந்து ஒன்பது பெண்கள் வேறு. அவர்களிடம் திமிங்கலம் என்ற வார்த்தையையே அவர் சொல்லவில்லை என்பது மதுரை ஏர்போர்ட்டில்தான் தெரிந்தது.

ஏர்போர்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பச்சைக் கயிறு மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது.

"எதுக்குங்க இவ்வளவு கயிறு?" என்று கேட்டார் ஆபீசர்.

"பொம்பளையாளுகளக் கூட்டிட்டுப் போகத்தான் சார்."

அவர் எங்கள் பதினோரு பேரையும் நிமிர்ந்து பார்த்தார். காப்பாற்ற வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். ஆமாம் என்று நான் தலையாட்டுவதற்குள் செல்வி என் காலை மிதித்துவிட்டாள்.

கொழும்பில் இறங்கினோம். ஜீன்ஸ் போட்டு, கூலிங்கிளாஸ் மாட்டி, கையில் எட்டாம் நம்பர் முடிச்சைப் பிடித்தபடி நடந்தேன். எனக்கு முன்னால் ஏழாம் முடிச்சில் செல்வி. வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். அண்ணாச்சி எப்போதும்போல எங்களைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தார். திரும்பிப் பார்த்தால் ஆள் குறைந்துவிடும் என்று அவருக்குப் பயம். "எட்டு யாரு? ஏட்டி, சத்தமாச் சொல்லு, கேக்கல!" நான் பி.இ. முடித்தவள். அந்த நேரத்தில் கடல் வற்றினாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சஃபாரி ஜீப்பிலும் கயிறுதான். புல்வெளியில் யானைகள் குட்டிகளோடு நிற்கின்றன. மம்சாபுரத்து அக்கா ஒருத்தி, "நம்ம ஆண்டா கோயில் யானை இத விட லட்சணம். இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றாள். நான் பல்லைக் கடித்தேன். பல் வலித்ததுதான் மிச்சம்.

திருக்கோணமலையில் காலை ஆறு மணிக்குப் படகு. திமிங்கலம் வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாசிதான் என்று நான் பார்த்த வெப்சைட் சொல்லிவிட்டதே. செல்விக்காக மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். இது போனால் அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

படகோட்டி என்னிடம் கேட்டார், "என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"இந்த மாசத்துல திமிங்கலம் எங்கண்ணே வரப்போகுது?"

"தெற்குப் பக்கம்தான் இப்ப வராது. இஞ்சால இதுதான் நேரம்." அண்ணாச்சி பக்கம் தாடையைக் காட்டினார். "உங்கட ஐயாவுக்கு வடிவாத் தெரியும். மூண்டு மாசமா ஒவ்வொரு கிழமையும் ஃபோன் எடுத்துக் கேக்கிறவர். 'ஆடியில வருமா, நிச்சயமா வருமா, ஒரு பிள்ளை ஆசைப்படுது' எண்டு."

நான் பார்த்தது ஒரே ஒரு வெப்சைட். அதில் தெற்குக் கரை மட்டும்தான் இருந்தது. இந்த உண்மையை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் கோபத்தோடுதான் சொல்கிறேன். தெரிந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? மாஸ்டர், சாம்பார் என்று எதற்கு என் உயிரை வாங்க வேண்டும்?

ரெண்டு மணி நேரம் போனது. டால்பின்கள் துள்ளின. "பாத்தாச்சுல்ல அண்ணாச்சி, திரும்புவமா? கோயில் நடை சாத்திருவாக" என்றார்கள் மம்சாபுரத்துக்காரர்கள். அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. மாஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினார். தயிர்ச்சோறு வந்தது. படகின் முனையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, "எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க, யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மில்லில் ஸ்டீமைத் திறந்துவிட்ட மாதிரி. அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால், படகின் முனைக்கு நேராக, தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியது. அதன் அடியில் ஒரு முதுகு எழுந்தது. எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. கண்மாய்க் கரை மாதிரி முடியாமல் நீண்டது.

செல்வி எழுந்துவிட்டாள். எழுந்தவள், கையில் முடிச்சு இருப்பது ஞாபகம் வந்து, சட்டென்று மறுபடி உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அவளை எல்லாரும் பழக்கியிருந்த லட்சணம் அது.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"ஏட்டி செல்வி, கயித்த விடு!"

அவளுக்குப் புரியவில்லை.

"விடுங்கேன்ல! சோறு கெடக்கு. முன்னால ஓடு!"

தன் மணிக்கட்டில் இருந்த சுற்றையும் அவரே உருவிப் போட்டார். செல்வி ஓடினாள். நானும் ஓடினேன். மம்சாபுரத்து ஒன்பது பேரும் இலையை மிதித்துக்கொண்டு ஓடி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வால் ஒருமுறை மெதுவாக நிமிர்ந்து, நின்று, உள்ளே போனது.

செல்வி அழவில்லை, கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஏட்டி, யூடியூப்ல இந்தச் சத்தம் வரவே வராது."

அண்ணாச்சி என்ன பார்த்தார்? ஒன்றும் பார்க்கவில்லை. கடைசிவரை திரும்பவே இல்லை. எங்களைத் தலை எண்ணிக்கொண்டு நின்றார். "பாத்தீயளா அண்ணாச்சி?" என்று செல்வி கேட்டதற்கு, "பாக்காம? பெருசுதான்" என்று ஒரு பொய் சொன்னார்.

களேபரத்தில் கயிறு கடலில் விழுந்துவிட்டது. "நைலோன் கயிறைக் கடலுக்கை போடலாமோ?" என்று படகோட்டி திட்டிக்கொண்டே கொக்கியால் இழுத்து எடுத்தார். கரைக்கு வந்ததும் அதை வைத்தே படகைக் கட்டினார். அண்ணாச்சி கயிற்றைப் பார்த்தார், படகைப் பார்த்தார், திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் கதிர்காமம். ஆடித் திருவிழாக் கூட்டம், மூச்சு முட்டுகிறது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. விடுதலை என்று நான்தான் குதித்திருக்க வேண்டும். கோயில் வாசலில் அண்ணாச்சி வழக்கம்போல எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். பழக்கதோஷத்தில் கையை ஒரு இழுப்பு இழுத்தார். கையில் கயிறு இல்லை. வெறும் கையைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார், பாவம்.

"ஒண்ணு" என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "ரெண்டு" என்றது இன்னொன்று. ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே அவரை நெருங்கி வந்தார்கள். செல்வி "ஏழு" என்றாள்.

என் முறை வந்தது. அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன், "எட்டு!"