நாய்க்கு மணியடித்த சித்தர்

அன்னூர்ச் சாலையில் அந்தக் கொட்டகைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே குரைப்புச் சத்தம் கேட்கும். தேய்பிறை அஷ்டமி என்றால் இன்னும் பலமாகக் கேட்கும். அன்றைக்குத்தான் நாய்களைக் குணமாக்கும் சுவானச் சித்தர் தரிசனம் தருவார்.

மூடிப்போன நூல் மில்லின் தகரக் கொட்டகை அது. வெளியே கார், ஆட்டோ, மொபெட், ஒரு பால் வண்டி. இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நாய்; ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கால் சரியில்லை. லாப்ரடார் நொண்டியது. ராஜபாளையம் நொண்டியது. தெருவில் பிறந்து பங்களாவில் வளர்ந்ததும் நொண்டியது. எல்லாம் ஒரே வரிசை. நம் ஊரில் ஜாதி பார்க்காமல் நிற்கும் வரிசை ஏமாறுகிற வரிசை ஒன்றுதான்.

சித்தர் லேசுப்பட்டவர் அல்லர். வால்பாறைக் காட்டில் பன்னிரண்டு வருஷம் செந்நாய்களோடு தவம் இருந்தவராம். நாயின் முகத்தைப் பார்த்தே அதன் போன பிறவியைச் சொல்லிவிடுவாராம். காசைக் கையால் தொடவே மாட்டாராம். அதனால்தான் வாசலில் க்யூ.ஆர். அட்டை தொங்கியது.

அந்த வரிசையில் அன்று பாக்கியசாமியும் நின்றார். ஒண்டிப்புதூர்க்காரர். வால்பாறை பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பழக்கத்தில் தன் லாப்ரடாருக்கு ‘ரைட்டு’ என்று பெயர் வைத்திருந்தார். ரைட்டுக்கு ஆறு வயது, நாற்பத்துமூன்று கிலோ. காலையில் இட்லி, மதியம் கறிச்சோறு, மாலையில் பாக்கியசாமி கடிக்கிற பிஸ்கட்டில் பாதி. ஒரு மாதமாக இடது பின்னங்காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது.

“முப்பது வருசம் அந்த மலையில போய் வந்தீங்களே, இந்தச் சாமியை ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?” என்று வீட்டில் கேட்டிருந்தாள் மனைவி இருதயம்மாள்.

“தவம் பண்றவரு பஸ்ஸுலயா போவாரு?”

“ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறீங்க. நம்ம சாமிகிட்டயே கேக்கலாமுல்லங்க?”

“நம்ம சாமிக்கு மனுசங்களைப் பார்க்கவே நேரம் பத்தறதில்லை அம்மணி. நாய்க்குன்னு தனியா ஒருத்தர் இருந்தா நல்லதுதானே.”

கொட்டகை வாசலில் ஒரு சீடன் ஆளுக்கொரு வெல்ல உருண்டை கொடுத்தான். “பிரசாதமுங்க. உங்க கையாலயே ஊட்டிருங்க.” ரைட்டு அதை மென்றதாகவே தெரியவில்லை. பிறகு வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம் மௌனம். நாய்கள் மட்டும் மௌனத்தை மதிக்கவில்லை. அதன்பின் ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள்.

கறுப்பு வேட்டி, கழுத்தில் நாய்ச்சங்கிலி, கையில் வெண்கல மணி. சித்தர் ரைட்டை உற்றுப் பார்த்துக் கண்ணை மூடினார்.

“போன பிறவியில இவன் ஒரு ஏழையைக் காலால எட்டி உதைச்சிருக்கான். அந்தக் கால்தான் இப்ப மடங்குது.”

பாக்கியசாமிக்குக் குறுகுறுத்தது. தீபாவளிக் கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கியவர்களை முட்டியால் நெட்டித் தள்ளியது அவர்தான், நாய் அல்ல. கணக்கு எங்கோ மாறிவிட்டதோ என்று பயந்தார்.

மணி அடித்தது. சித்தர் ரைட்டின் காதில் ஊதினார். “எழுந்து நட!”

ரைட்டு எழுந்தது. நாலு காலையும் ஊன்றி நடந்தது. வாசலில் எட்டிப் பார்த்த கூட்டம் கைதட்டியது. பாக்கியசாமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாயின் இடுப்பில் கட்ட ஒரு கறுப்புப் பட்டையையும், ‘நாய் ஜாதகம்’ ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். ரைட்டு ரேவதி நட்சத்திரமாம். ராகு பார்வை வாலில் இருந்ததாம்.

மறுநாள் காலை மதில்மேல் ஒரு பூனை தெரிந்தது. ஒரு மாதமாகப் பூனையைக் கண்டும் காணாமல் இருந்த ரைட்டு, கூடத்திலிருந்து பாய்ந்தது. பளபளவென்று மின்னும் டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கியது. பாக்கியசாமி அதுவரை கேட்டிராத ஓர் ஊளை வந்தது. அதன்பின் அந்தக் கால் தரையைத் தொடவேயில்லை.

பீளமேட்டில் விலங்குகளுக்கான பிசியோதெரபி நிலையம் நடத்தும் கால்நடை மருத்துவர் கிருபாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் காலை மெதுவாக மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

“முழங்கால் தசைநார் முன்னாடியே கொஞ்சம் கிழிஞ்சிருக்குங்க ஐயா. இப்ப இன்னும் கிழிஞ்சு போச்சு. இவ்வளவு வலியோட நாய் ஓடாதுங்களே. வலி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“மாத்திரையெல்லாம் தொடவே இல்லீங்க. சித்தர் மணி அடிச்சாருங்க. நடந்துச்சுங்க.”

கிருபா சிரிக்கவில்லை. “இந்தக் காலை ஊனாதேன்னு சொல்றதுக்குத்தானுங்க வலி வருது. அந்த வலியோட வாயை யாரோ அடைச்சிருக்காங்க. அதுதான் காலு போச்சு.”

பாக்கியசாமி நாயின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். ரைட்டு அவர் கையை நக்கியது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது இருதயம்மாள் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் உதவியாளராக இருந்தவள். குடுவை கழுவிக் கழுவியே பாதி ஆசிரியர்களைவிட அதிகம் கற்றுக்கொண்டவள்.

“ஏனுங்க, மணிக்கு முன்னாடி அங்க என்ன குடுத்தாங்க?”

“பிரசாதம். வெல்ல உருண்டை.”

“அப்புறம்?”

“ஒரு மணி நேரம் மௌனம்.”

“மௌனமுங்களா, இல்லை மருந்து வேலை செய்யற நேரமுங்களா?”

“சாமி குத்தம் அம்மணி. வாயைக் கழுவு.”

“ரெண்டு சரக்கை ஒண்ணாக் கொட்டிப்போட்டு, எதனால பொங்குச்சுன்னு சொல்ல முடியாதுங்க. ஒவ்வொண்ணாத்தான் ஊத்திப் பார்க்கோணும். அடுத்த தடவை உருண்டை குடுக்காதீங்க. மணியை மட்டும் அடிக்கட்டும். நடந்துச்சுன்னா, அன்னூருக்கு நான் நடந்தே வாரேன்.”

பாக்கியசாமி சம்மதித்தார். உண்மையைக் கண்டுபிடிக்க அல்ல; மனைவியைத் தோற்கடிக்க. பகுத்தறிவுக் கட்சிக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதனையில் பாதிதான் இது என்றாள் இருதயம்மாள். மணி மட்டும் கேட்கிற நாய் ஒன்று. உருண்டை மட்டும் தின்கிற நாய் ஒன்று வேண்டும். பாக்கியசாமிக்கு வரிசையில் பழக்கமான லட்சுமணசாமியின் நினைவு வந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ராணி என்றொரு ஜெர்மன் ஷெப்பர்டோடு மூன்று அஷ்டமியாக வருகிறவர். போனில் கேட்டதும் அவர் புலம்பித் தீர்த்துவிட்டார்.

“ரெண்டு நாள் ஜம்முனு நடக்கறாங்க. மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிங்க. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்குது. வாரேனுங்க.”

அடுத்த அஷ்டமி. கூட்டம் இரண்டு மடங்கு. கிருபா சொல்லிக்கொடுத்த பயிற்சியில் ரைட்டு காலைத் தரையில் வைக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் நொண்டல் போகவில்லை. கணவனும் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சீடன் உருண்டை கொடுத்தான். பாக்கியசாமி குனிந்து ஊட்டினார். அதாவது, ஊட்டுகிற மாதிரி குனிந்தார். சில்லறையையும் டிக்கெட்டையும் விரலிடுக்கில் வைத்து முப்பது வருஷம் ஆண்ட கை அது. உருண்டை மனைவியின் டிபன் டப்பாவுக்குள் போய்விட்டது. ரைட்டு மட்டும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ராணி தன் உருண்டையைத் தின்றது. லட்சுமணசாமி ராணியைச் சித்தர் கண்ணில் காட்டாமல், எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் கழித்து ரைட்டின் முறை வந்தது. மணி அடித்தது. காதில் ஊதல். “எழுந்து நட!”

ரைட்டு எழுந்தது. பாக்கியசாமி உள்ளுக்குள் கெஞ்சினார்: நடடா கண்ணு, நல்லா நடந்துரு. அந்த நிமிஷத்தில் மாதாவையும் பைரவரையும் சேர்த்தே கூப்பிட்டார். ரைட்டு நாலு எட்டு வைத்தது. நாலும் நொண்டல்.

சித்தர் மணியைப் பலமாக அடித்தார். ரைட்டு இன்னும் நன்றாக நொண்டியது. மூன்றாம் தடவை அடித்த அடியில் மணியின் நாக்கே கழன்று விழுந்தது.

“பாவம் இன்னும் பாக்கி இருக்குது,” என்றார் சித்தர். நெற்றியில் வியர்வை.

அப்போது வாசல் கூட்டம் விலகியது. லட்சுமணசாமி வந்தார். பக்கத்தில் ராணி, நாலு காலையும் ஊன்றிக் கம்பீரமாக.

“சாமி, காலையில இவ மூணு கால்லதானுங்க வந்தா. எல்லாரும் பார்த்தாங்க. உங்க மணியைக் கேக்கவே இல்லீங்க. டீக்கடையில குந்தியிருந்தோம். நடக்கறா பாருங்க.”

கூட்டம் சலசலத்தது. சித்தர் சமாளித்தார்: “என் அருள் டீக்கடை வரைக்கும் பரவும்!”

இருதயம்மாள் முன்னால் வந்தாள். “ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் பரவுன அருளு, உங்க காலடியில படுத்திருந்த எங்க நாய்மேல படலீங்களா? எங்க நாய்க்குக் குறைஞ்சது இது ஒண்ணுதானுங்க.” டப்பாவைத் திறந்து உருண்டையை நீட்டினாள். “பிரசாதந்தானுங்களே. எல்லாரும் பார்க்க நீங்க ஒண்ணு வாயில போடுங்க.”

“இன்னைக்கு நான் விரதம்.”

“சரிங்க.” அவள் உருண்டையைப் பிட்டாள். வெல்லத்துக்கு நடுவே வெள்ளையாகப் பாதி மாத்திரை.

உடனே நாலைந்து பேர் சீடன் கையிலிருந்த தூக்குப்போசிப் பாத்திரத்தைப் பிடுங்கி உருண்டைகளைப் பிட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே அருள். இழுபறியில் ஓர் உருண்டை கீழே உருண்டது. டீக்கடைப் பக்கம் திரிகிற தெருநாய் ஒன்று வந்து அதை மோந்து பார்த்தது, புரட்டிப் பார்த்தது, வேண்டாமென்று போய்விட்டது. மூன்று வருஷமாக அங்கே வந்துபோன படித்தவர்கள் ஒருவர்கூடச் செய்யாத வேலை அது.

கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து பெட்டி பெட்டியாக மாத்திரைகள் வெளியே வந்தன. போலீஸ் விசாரித்தபோது தவத்தின் விவரமும் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் கால்நடை மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்பனைப் பிரதிநிதி. வால்பாறைக்குப் போனது உண்மைதான்; ஒரே ஒரு தடவை, சுற்றுலா.

பாக்கியசாமி ஜெயித்தவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கறுப்புப் பட்டையை அவிழ்த்தார். “நானே அதோட காலை உடைச்சுப்போட்டேன் அம்மணி,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இருதயம்மாள் கடையில் வாங்கி வந்த ரப்பர் விரிப்பைக் கூடத்து டைல்ஸ்மேல் விரித்தாள்.

கிருபா சொன்னது எதிலும் மந்திரம் இல்லை. தீனியை அளந்து போட வேண்டும். காலையும் மாலையும் கயிறு கட்டி மெதுவாக நடை. ஓட விடுவதற்கு முன் பத்து நிமிஷம் நடந்து உடம்பு சூடாக வேண்டும். படியில் குதிக்கக் கூடாது. வாரம் இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் டிரெட்மில் பட்டையில் நடைப் பயிற்சி. எல்லாம் சலிப்பூட்டும் வேலை. ஐந்து மாதம் ஆனது. ஒன்பது கிலோ குறைந்தது. கூடவே நடந்த பாக்கியசாமிக்கும் நாலு கிலோ குறைந்தது. ஒரு நாள் காலை, நொண்டல் எங்கே என்று தேடிப்பார்க்க வேண்டியிருந்தது.

அன்று தெருவில் எதிர்ப்பட்டார் ஈஸ்வரமூர்த்தி. அடுத்த சந்துக்காரர், அவர் வீட்டுப் பொமரேனியனும் நொண்டி. ரைட்டின் நடையைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

“ஏனுங்க, எந்தச் சாமிங்க சரி பண்ணுச்சு?”

“சாமி இல்லீங்க. பீளமேட்டுல கிருபான்னு ஒரு டாக்டரம்மா. பயிற்சி குடுக்கறாங்க.”

“அப்படீங்களா!” ஈஸ்வரமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மாளுக்கு நல்ல கைராசியோ? எந்தக் கிழமையில போனா விசேசமுங்க?”

பாக்கியசாமி அவர் முகத்தைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்பு தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

“எந்தக் கிழமையானாலும் போங்க. ஆனா, ஏன், எதுக்குன்னு கேள்வி கேட்டுட்டே இருங்க. கேட்டாக் கோவிச்சுக்கறவன் சாமியாருங்க. கேக்காம மண்டையை மண்டையை ஆட்டுனாத்தான் அந்தம்மா கோவிச்சுக்குவாங்க.”

ஈஸ்வரமூர்த்தி மண்டையை ஆட்டினார்.