மீன் தொரையின் போஞ்சித் தோட்டம்

உலகத்திலேயே விவசாயத்தைக் கப்பலோட்டுவதுபோல் செய்த ஒரே மனிதர் எங்கள் மீன் தொரைதான். தொரை என்றால் எங்கள் பக்கத்தில் வேலை வாங்குகிறவர். இவருக்கு அந்தப் பட்டம் நிறத்துக்காகக் கிடைத்தது. வேலை முழுவதையும் அவரேதான் செய்தார், அதுதான் பிரச்சினை.

அவர் நோர்வேக்காரர், வடகடலில் மீன் பிடித்தவர். அங்கே ஒரு துறைமுக ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் தமிழ் பழகிக்கொண்டார். எப்படியோ அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் கண்டி மலைப்பக்கத்துக் கலஹா ஊர்ச் செல்வியைக் கல்யாணம் செய்தார். கடைசியில் செல்வியின் அண்ணன் கொடுத்த துண்டு நிலத்தில் பீன்ஸ் என்கிற போஞ்சி போடுகிறேன் என்று மனைவியோடு கலஹாவுக்கே வந்துவிட்டார். பனைமரம் மாதிரி ஒரு வெள்ளைக்காரர் "ஓம், வாறன்" என்று சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்து, யாழ்ப்பாணத்து ஆட்கள் இவ்வளவு வெள்ளையாகவா இருப்பார்கள் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் செல்வியை விசாரித்தார்கள். அப்போது நான் அவர் வேலிக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். அதனால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

மழையோ வெயிலோ, மஞ்சள் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டுதான் நிலத்தில் இறங்குவார். ஊரே சிரித்தது. அட்டை கடிக்கிற மழைக்காலம் வந்ததும் சிரிப்பு நின்றது, அந்த உடுப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். போஞ்சிக் கொடிக்கு நட்ட கம்புகளை அவர் கட்டிய முடிச்சு, புயலிலும் அவிழாத முடிச்சாம். புயல் வரவில்லை. போகம் முடிந்ததும் அவராலேயே அவிழ்க்க முடியாமல் கம்புகளை வெட்டி எடுத்தார். தோட்டத்தில் விசில் அடிப்பதும் குற்றம், படகில் விசில் அடித்தால் காற்று கிளம்புமாம். பேராதனை பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வளைவில் வாயால் விசில் அடிக்கிறவர். மீன் தொரை மண்வெட்டியோடு ஓடிப்போய், "தம்பி, ஊதாதையும், காத்து வந்தா கொடியெல்லாம் சரிஞ்சு போகும்" என்று அந்த ஆளிடம் கெஞ்சினார். அதிலிருந்து பஸ் எங்கள் வளைவில் நிற்பதே இல்லை. நான் அரை மைல் நடந்தேன்.

இந்தக் கூத்தெல்லாம் போகட்டும். காட்டுப்பன்றிதான் அவருக்கு எமன். முதல் போகத்தையும் அடுத்த போகத்தையும் பன்றிக் கூட்டம் வந்து உழுதுவிட்டுப் போனது. மூன்றாவது போகம் பூத்தபோது செல்வி வேலியோரம் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"இதுவும் பன்னி வாய்க்குப் போச்சுன்னா, பொட்டியக் கட்டிக்கிட்டு நோர்வேக்கே போயிருவோம். நீங்க படகுலயே ஏறுங்க. எங்கண்ணன் மொகத்துல என்னால முழிக்க முடியல."

 மறுநாள் மீன் தொரை கண்டி மார்க்கட்டுக்குப் போய் மூட்டை நிறைய மீன் தலைகளோடு வந்தார். எந்த பஸ்ஸும் ஏற்றாததால் காய்கறி லொறியின் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தார். அவர் ஊரில் மீனை இரண்டிரண்டாகக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டால் குளிர்காற்றில் சருகாகக் காய்ந்துவிடுமாம். தலைகளை அப்படிக் காயவைத்து இடித்து உரமாகப் போட்டால், பன்றி தின்றது போக மிச்சம் இருக்கிற அளவுக்குப் போஞ்சி காய்க்கும் என்பது அவர் கணக்கு. கலஹாவில் காய்கிற காற்று ஏது? மழைத் தூறலில் தலைகள் ஊறின, அழுகின, பிறகு பேச ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. அந்த வாசத்துக்குச் சுற்றுவட்டாரத்து நாயெல்லாம் வந்து தோட்டத்திலேயே குடியேறின. நாய்க் கூட்டத்தைக் கண்டு பன்றி ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. போஞ்சி பிஞ்சுவிட்டுத் தொங்கியது. செல்வி முகத்திலும் சிரிப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் கொடியேறிவிட்டது. ஊரே மச்ச மாமிசம் விட்டு விரதம் இருக்க, கோயில் வாசல் வரைக்கும் மீன் நாற்றம். திருவிழாவை நடத்துகிற எங்கள் தேயிலைத் தோட்டத் தலைவர் என்னையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"தொரை, தப்பா நெனைக்காதீங்க. இந்த நாத்தத்துல சாமி தேர்ல ஏறமாட்டாருங்க."

மீன் தொரை ஒரு தடவை கொடிகளைப் பார்த்தார், ஒரு தடவை நாய்களைப் பார்த்தார். "ஓம். சாமி முதல்" என்றார். அன்று மத்தியானமே எல்லாத் தலைகளையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துவிட்டு நாய்களும் போய்விட்டன. உள்ளே செல்வி பெட்டியைத் துடைக்கிற சத்தம் கேட்டது. நாற்றம் ஒழிந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை.

பொழுது சாய்கிற நேரம் தலைவர் திரும்பி வந்தார். பின்னால் கோயிலில் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

"திருவிழா முடியிற மட்டும் பூசைக்குப் பொறகு இங்கதான் அடிப்போம். சாமிக்குக் காது கேக்கும்" என்றார் தலைவர்.

தேர் வரும்வரை போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே முறைவைத்து விடியவிடிய அடித்தார்கள். பன்றிகள் புசல்லாவைப் பக்கம் ஓடிவிட்டதாகப் பேச்சு. எனக்கும் ஓடத்தான் தோன்றியது. மீன் நாற்றமே மேல் என்று வேலியில் நின்று சொன்னேன், தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தேர் முடிந்த மறுநாள் போஞ்சி பறித்தோம். கூடை போதாமல் சாக்குப் பிடித்தோம். செல்வியின் அண்ணன்கூட வந்து ஒரு சாக்கைத் தூக்கினார். படகில் ஏறப் போவதில்லையா என்று தலைவர் கிண்டலாகக் கேட்டார்.

மீன் தொரை ரப்பர் உடுப்போடு மண்ணில் உட்கார்ந்தார். "கடல் எனக்கு ஒருநாளும் ஒத்துவரேல்லை. அலையிலை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்காமல் நான் ஒருநாளும் மீன் பிடிக்கேல்லை. அப்பர் செய்த தொழில் எண்டு செய்தன். இஞ்சைதான் காலுக்குக் கீழை நிலம் ஆடாமல் நிக்குது. அதுதான் வந்தனான்" என்றார்.

மழை நாலு நாள் சேர்ந்து பெய்தால் மண் சரிகிற ஊர் எங்களுடையது. தலைவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். செல்வி அவரை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும், அந்த மனிதருக்காகவாவது இந்த மலை அசையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.