வாய்தா மெக்கானிக்கும் நடுங்கிய அம்பாசிடரும்

காரைக்குடியில் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது 'வாய்தா'வின் கழுத்தை நெரிக்க நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த எண்ணம் ஒரே வாரத்தில் ஏழு முறை வந்தது.

சாக்கோட்டை போகும் சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அவர். வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார். பதில் திருப்தியில்லையென்றால் "நாளைக்கு வாங்க" என்பார். அதனால் வந்த பெயர். ஹாரன் அடிக்கவில்லை என்று போன வாத்தியார் ஒருவரிடம், கடைசியாக யாரைப் பார்த்து அடித்தீர்கள், கோபத்தில் அடித்தீர்களா என்று மூன்று நாள் விசாரித்தார். நான்காம் நாள் வாத்தியார் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியபடியே ஓட்டப் பழகிவிட்டார்.

என்னிடம் இருப்பது மாமனார் கொடுத்த அம்பாசிடர். ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் சினிமா எடுக்க வருகிறவர்கள் வாடகைக்குக் கேட்பார்கள். அந்த முறை நாயகி அழுதுகொண்டே வந்து ஏறுகிற காட்சி. அதுவரை கார் வாசலில் எஞ்சின் ஓடியபடி நிற்க வேண்டும். எஞ்சின் அணைந்தால் அடுத்த படத்துக்கு வேறு வண்டி என்று படக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார்.

கேட்டதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பித்துவிடலாம் என்று, போனில் வீடியோ பார்த்து, பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி எல்லாவற்றையும் நானே மாற்றினேன். ஓட்டும்போது குறையில்லை. வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஐடிலிங்கில் ஓடவிட்டால் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறியது. கதவுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

வாய்தா வண்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தானா கெடலை. யாரோ கை வச்சிருக்கீக."

ஒப்புக்கொண்டேன். பழைய சாமான்கள் எங்கே என்றார். பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன் என்றேன். நாளைக்கு வாங்க.

மறுநாள் முழுக்க இரும்புக் கடைக் குவியலைக் கிளறி அத்தனையையும் பொறுக்கி வந்தேன். அவர் ஒவ்வொன்றாக மாட்டினார். ஒன்றை மாட்டி ஓடவிடுவார், கேட்பார், கழற்றுவார். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் என்ன என்று கேட்டால், அடுத்ததைக் கையில் எடுப்பார். சாயங்காலம்வரை வண்டி உதறியது. புதுச் சாமான்கள் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லி, அவற்றையே திரும்ப மாட்டினார்.

"மாத்துன அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தீக?"

"கைலி."

"நாளைக்குக் கைலியோட வாங்க."

படப்பிடிப்புக்கு ஒரே நாள்தான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு கைலியில் போனேன். அன்று செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னார். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அவமானத்தில் கூசிப்போய் பானெட்டுக்குள் குனிந்தேன். வலது கையில் ஸ்பேனர். பாரம் தாங்க இடது முழங்கை தானாகப் போய் ஓரிடத்தில் ஊன்றியது.

"அசையாதீக," என்றார்.

என் முழங்கைக்கு அடியில் விரலை விட்டார். எஞ்சினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய், அன்று என் முழங்கை அழுத்தியதில் முனையில் அடிப்பக்கமாக வாய் பிளந்திருந்தது. அதன் வழியே வேண்டாத காற்றைக் குடித்துத்தான் எஞ்சின் உதறியிருக்கிறது. கிழிந்த நுனியை பிளேடால் நறுக்கிவிட்டுச் சொருகினார். இரண்டு நிமிட வேலை. வண்டி சாதுவாக ஓடியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாளே வண்டியைச் சோதித்திருந்தால் முடிந்திருக்காதா என்று கேட்டேன்.

"வண்டி பொய் சொல்லாது சார். அதை எதுக்கு விசாரிக்கணும்?"

படப்பிடிப்பன்று கூப்பிடாமலே பஸ் பிடித்து வந்து இறங்கினார். துணைக்கு இருக்கிறேன் என்று பின்சீட்டுக்குக் கீழே, கேமராவில் படாதபடி சுருண்டு படுத்துக்கொண்டார். அழுதுகொண்டே ஏறிய நடிகை காலடியில் ஒரு மனிதரைக் கண்டு நிஜமாகவே அலறிவிட்டார். மேனேஜர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வாய்தாவை வேப்பமரத்தடிக்கு விரட்டினார்கள். அவர் அங்கும் உட்காரவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் நின்றுகொண்டே, காரைப் பார்த்தபடி சாப்பிட்டார். பொழுது சாயும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வண்டி ஒருமுறைகூட அணையவில்லை.

திரும்பும்போது அவரையும் ஏற்றிக்கொண்டேன். கோபம் தீரவில்லை. அவர் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பப் போனேன்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும் சார்."

இறங்காமல், சீட்டில் சாய்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டார். பெட்ரோல் விற்கிற விலையில் இது வேறா என்று வாய்வரை வந்தது. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு நானும் சாய்ந்துகொண்டேன்.