வத்தலுக்கு வந்த மண்டையோடு

வீட்டுக்கு வியாபாரி வந்தால் விளைய வைத்தவர் பேசலாம், வீட்டு நாய்கூடக் குரைக்கலாம், எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த மகளை மட்டும் வாய் திறக்க விடக் கூடாது. எங்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அப்போது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லட்சக்கணக்கான வேதிச் சேர்மங்களின் குணங்களைத் தொகுத்து வைத்திருக்கும் இணையதளத்தில் வேலை. புதிதாக ஒன்றின் அமைப்பைக் கொடுத்தால் எப்போது உருகும், தண்ணீரில் கரையுமா, உடம்புக்குக் கெடுதலா என்று கணித்தே சொல்லிவிடும். (என் வேலை, ஒரே சேர்மம் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றை அழிப்பது. ஊரில் 'விஞ்ஞானி' என்று சொல்லி வைத்திருந்தேன்.)

லீவுக்கு விளாத்திகுளம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். கோவில்பட்டியிலிருந்து ஒரு வியாபாரி மிளகாய் வத்தல் பார்க்க வந்தார். களத்தில் காய்ந்த அத்தனையையும் அவரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. விலைகூடப் படிந்துவிட்டது. டீயைக் குடித்தபடி, "வெளிநாட்டுக்காரன் இப்பம்லாம் வத்தல்ல என்னென்ன இருக்குன்னு கேக்குதான்" என்றார், சும்மா.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம் மவ அந்த வேலைதான பாக்குதா! ஏட்டி, இங்கன வா. அண்ணாச்சிக்குக் காட்டு."

லேப்டாப்பை டிவியில் இணைத்தேன். (போனிலேயே காட்டியிருக்கலாம். விஞ்ஞானிக்குப் பெரிய திரை வேண்டாமா?) "வத்தலுக்குக் காரம் குடுக்கதே கேப்சைசின்தான் அண்ணாச்சி" என்று பெயரைத் தட்டினேன்.

திரையில் முதலில் வந்தது மண்டையோடு. அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு எலும்பு.

"என்னம்மா இது? கரண்டு கம்பத்துல போட்டிருக்குமே, அதுல்லா?"

"அது... விழுங்குனா விஷம்னு... தனியாப் பிரிச்செடுத்தாத்தான் அண்ணாச்சி! வத்தல்ல துளியூண்டுதான் இருக்கும்." பதற்றத்தில் அடுத்த வரியையும் நானே மொழிபெயர்த்தேன். "கையுறை போடணுமாம். கண் எரியுமாம்."

வெறுங்கையால் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, "கண்ணு எரியாட்டா அது என்னட்டி வத்தல்?" என்றாள்.

பேச்சை மாற்றக் கீழே போனேன். "தண்ணியில அநேகமாக் கரையாது."

"அப்பம் கொழம்புல?" என்றார் வியாபாரி.

அப்பா என்னைப் பார்த்தார். பருத்தியில் புழு விழுந்த வருஷம்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "எல்லாத்துக்கும் இப்பிடித்தான் எச்சரிக்கை போடுவாவ. நீங்க குடிக்க டீயையே எடுத்துக்கோங்களேன்" என்று கேஃபீனைத் தட்டினேன். பெரிய ஆச்சரியக்குறி ஒன்று வந்தது. விழுங்கினால் தீங்கு.

வியாபாரி டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று பைக்கை எடுத்தவர் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வத்தலை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார் அப்பா. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம்தான் வாய் திறந்தார்: "கொழம்புல மண்டையோடு கம்மியா இருக்கு." அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அழுகை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வத்தலுக்கு அதுதான் பெயர். என் கல்யாணப் பந்தியில், அம்மா சமையல்காரரைப் பார்த்து, "சாம்பாருக்கு இன்னும் ரெண்டு மண்டையோடு கிள்ளிப் போடுங்கய்யா!" என்று கத்தினாள். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை.

விளக்கமெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நான் குழம்பு வைக்கும் நாளில் என் மாமியார், மாமனாரை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.