நாலு சக்கரப் பையும் உங்கள் அக்காவின் நிபந்தனையும்

அன்பு மைத்துனர் முனிராஜ் அவர்களுக்கு,

பென்னாகரத்திலிருந்து உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் மாதேஷ் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். ஓசூரில் நீங்களும் உங்கள் மனைவி கலைமணியும் சுகம் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லிவிட்டதால் அதை மறுபடி விசாரிக்கவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் விஷயத்தைத் தொடங்குவதற்குள் "சுருக்கமா சொல்லுங்க மாமா" என்கிறீர்கள். இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

அடுத்த மாதம் நாம் நாலு பேரும் லடாக் போவதாகப் பேச்சு. ஜீப்பில் பாதி, நடந்து பாதி, படுக்கை கூடாரத்தில். கல்லிலும் மண்ணிலும் இழுத்தால் தாங்குகிற சக்கரம் வைத்த பை வேண்டும் என்று நம்மைக் கூட்டிப்போகிற பயணக்காரர்கள் அனுப்பிய தாளில் இருக்கிறது என்றும், "சக்கரத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா மாமா, நீங்களே பார்த்து எடுங்க, அதையே நாங்களும் வாங்கிக்கறம்" என்றும் சொன்னீர்கள். சரியான ஆளிடம்தான் சொன்னீர்கள். முப்பத்து நாலு வருடம் பேருந்துப் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டியவன் நான். ஆனால் உங்கள் அக்கா நிர்மலா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது. "ஏங்க, ஒண்ணு சொல்றன், கேட்டுக்கங்க. கல்யாணம் ஆனதுல இருந்து எங்க போனாலும் மூட்டை என் தலையில. நீங்க கையை வீசிக்கினு முன்னால போவீங்க. இந்த வாட்டி நான் எதையும் தூக்க மாட்டன். தூக்கற மாதிரி இருந்தா நான் வரல, நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். நான் முன்னால் போவது உண்மைதான். யாராவது ஒருவர் முன்னால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால்தானே பஸ்ஸில் இடம் கிடைக்கும். அந்தச் சேவையை அவள் ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை. ஆனாலும் அவள் இல்லாமல் நான் மட்டும் அந்த மலைக்குப் போய் யாரிடம் பேசிக்கொண்டு நடப்பது? ஆகவே அவள் வருவதும் வராததும் பையின் கையில்தான் இருந்தது. அதனால்தான் இவ்வளவு கவனமாகத் தேர்வு செய்தேன்.

தர்மபுரியில் ஜோசப் ராஜ் என்பவர் கடை. நல்ல மனிதர், ஆனால் பொறுமை கொஞ்சம் குறைவு. பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டேன். பதினேழாவது பைக்கு வரும்போது, "அண்ணே, இது பைங்க, பஸ் இல்லீங்க" என்றார். கல்லுப் பாதைக்குப் பெரிய ரப்பர் சக்கரம் இரண்டு வைத்த பைதான் தோது, சாய்த்து இழுக்கலாம் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். இரண்டு சக்கரம் என்றால் அது மாட்டு வண்டி, பாரம் முழுவதும் இழுக்கிறவன் மேல் வரும், நாலு சக்கரம் என்றால் பாரம் பிரிந்துவிடும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் பில் போட்டுவிட்டார். நாலு சக்கரம், பச்சை நிறம், பூட்டு வைத்தது. தொழில் தெரிந்தவன் போய் வாங்கினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

நாலு சக்கரம் என்று ஆன பிறகு பூஜை போடாமல் தெருவில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. என் கையால் வெளியே போன வண்டி எதுவும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் போனதில்லை. உங்கள் அக்காவையும் அழைத்துக்கொண்டு நேராக முனீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். பூசாரி மாது பைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கைப்பிடியில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்துக் கட்டி, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு பழம் வைத்தார். "யாருங்க ஓட்டறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். இழுத்தேன். காலிப் பை பழத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியதே தவிர ஒரு பழமும் நசுங்கவில்லை. நசுங்காமல் போனால் நல்லதில்லை என்று மாது சொல்லிவிட்டார். எங்களுக்குப் பின்னால் புது டிராக்டரோடு ஒருவர் வேறு காத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நான் பையின் மேல் உட்கார்ந்தேன். டிராக்டர்காரர் பின்னாலிருந்து தள்ளினார். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின, கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனால் சாறும் கொட்டையும் சக்கரத்துக்குள் போய், வரும் வழியில் இரண்டு சக்கரம் சுற்ற மறுத்துவிட்டன. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்ததால் உங்கள் அக்காதான் பையைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "ஒண்ணு" என்றாள். சாமி காரியத்துக்குத் தூக்கியது கணக்கில் வராது என்று சொன்னேன். சக்கரத்தைக் கழற்றிக் கழுவி, பஸ்ஸுக்குப் போடும் கிரீஸைப் போட்டு மாட்டினேன். இப்போது அந்தச் சக்கரத்தைத் தொட்டால் சுற்றும். தொட்டவர் சேலையில் கறையும் படியும், அது வேறு விஷயம்.

மறுநாள் லடாக்குக்கு எவ்வளவு சாமான் போகுமோ அவ்வளவையும் அவளே அடுக்கினாள். பூட்டை நான் போட்டேன். சின்னாற்றுக்குப் போனோம். தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து, கூழாங்கல்லிலும் பாறையிலும் நாற்பது அடி இழுத்தேன். முதல் பத்தடி அருமை. அடுத்த பத்தடியில் இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு சக்கரம் சிக்கியது. மீதி இருபதடிக்கு நான் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், அவள் பின்னால் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளித் தண்ணீர் ஓரம் துணி துவைத்துக்கொண்டிருந்த முனியம்மாள் என்ற அம்மா, "என்னாங்க, ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். "ரெண்டு" என்றாள் உங்கள் அக்கா. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் அதற்குப் பெயர் தூக்குவது இல்லை, நகர்த்துவது என்று விளக்கினேன். அவள் சேலையில் பட்ட கிரீஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது சோதனை தானாக அமைந்தது. தொப்பூரில் உங்கள் சித்தி மகள் சாலம்மாளின் மகளுக்கு வளைகாப்பு அல்லவா, இரண்டு நாள் தங்க வேண்டியிருந்ததால் அடுக்கியதைக் கலைக்காமல் இந்தப் பையையே எடுத்துப் போனோம். சாப்பாட்டுக் கடை ஓரம் பஸ்ஸை விட்டு இறங்கி, பையை நிறுத்திவிட்டு டீ சொன்னேன். டீ வருவதற்குள் பை கிளம்பிவிட்டது. மச்சான், அந்தச் சரிவு உங்களுக்குத் தெரியும். மிளகாயும் எலுமிச்சையும் ஆட, நின்றிருந்த லாரிகளுக்கு நடுவில் அது போன போக்கைப் பார்த்தபோது, என் கிரீஸ் வேலையை நினைத்து, பயத்துக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாவது லாரி அருகில் ஒரு டிரைவர் காலைக் குறுக்கே வைத்து நிறுத்தினார். "பெரியவரே, லோடு வண்டிய மேட்டுல நிறுத்துனா கட்டை வெக்கணும், தெரியாதுங்களா?" என்றார். முப்பத்து நாலு வருட அனுபவக்காரனைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. மேட்டில் திரும்ப இழுத்துவர என் முழங்கால் ஒத்துழைக்காததால் உங்கள் அக்கா போய்த் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். இந்த முறை அவள் எண்ணவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வளைகாப்பில் எல்லோரோடும் சிரித்துப் பேசினாள், என்னோடு மட்டும் பேசவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன், தவறு பையில் இல்லை, பிரேக் இல்லாததில்தான். வீட்டுக்கு வந்ததும் வேப்பங்கட்டையில் முக்கோணமாக இரண்டு துண்டு செதுக்கிப் பைக்குள் போட்டுவிட்டேன். எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிடலாம். இனி இந்தப் பையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நீங்களும் தயங்காமல் இதே பையை, இதே நாலு சக்கரத்தை, ஜோசப் ராஜ் கடையில் என் பேரைச் சொல்லியே வாங்குங்கள். பூஜைக்கும் கிரீஸுக்கும் பையோடு ஒரு நாள் முன்னதாக இங்கே வந்துவிடுங்கள். உங்கள் அக்காவைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு, திங்கட்கிழமைக்குள் அவளே உங்களுக்குப் போன் செய்வாள்.

உங்கள் வீட்டு அடுப்பும் உங்கள் வண்டியும் ஒரு நாளும் பழுதாகாமல் இருக்க முனீஸ்வரன் துணை இருக்கட்டும். கலைமணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
மாதேஷ்,
தலைமை மெக்கானிக் (ஓய்வு).

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி நான் உள்ளே போன நேரத்தில் உங்கள் அக்கா இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டாள். பையைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் கட்டிலின் மேல் கொட்டினாள். என் வேட்டி ஆறு, என் ஸ்வெட்டர் இரண்டு, வேறு தலையணையில் எனக்குத் தூக்கம் வராது என்பதால் என் தலையணை, என் ஸ்பேனர் செட், கிரீஸ் டப்பா, என் முழங்கால் தைலம் மூன்று பாட்டில், எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ராகி மாவு, நேற்றுச் செதுக்கிய கட்டை இரண்டு. "உன் துணி எங்கே?" என்று கேட்டேன். ஆணியில் தொங்கிய மஞ்சப்பையைக் காட்டினாள். இரண்டு சேலை, ஒரு ஸ்வெட்டர், ஒரு துண்டு. "என்னுது எப்பவும் இவ்வளவுதாங்க" என்றாள். சின்னாற்றிலும் தொப்பூரிலும் அந்த மஞ்சப்பை அவள் தோளில் இருந்தது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தொரு வருடமாக அவள் தலையில் இருந்தது எங்கள் மூட்டை என்று நினைத்திருந்தேன். அது என் மூட்டை. எனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது, மச்சான்.

ஆகவே மேலே எழுதியதில் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பை எதுவும் வாங்க வேண்டாம். கலைமணியின் துணி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். "தம்பிகிட்ட நான் வர்றன்னு எழுதிருங்க. நீங்க வர்றதா இருந்தா, உங்களால எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு எடுத்துக்கினு பின்னால வாங்க" என்று உங்கள் அக்கா சொல்கிறாள். காலையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தலையணையை விட்டுவிட்டேன். ஸ்பேனர் செட்டை இன்னும் மனம் விடவில்லை, சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவேன். பயணக்காரர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் நிர்மலாவின் பேரை முன்னால் எழுதுங்கள். என் பேரை அதற்குக் கீழே எழுதுங்கள்.