தண்ணீர் வரிசையில் படித்த கடிதம்

கூச்சப்படுகிறவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் மானம் தப்பிக்கும் என்று நினைப்போம். என் மானம் பேனாவைத் திறந்ததில் போயிற்று.

டெல்லியில் தமிழர்கள் வாழும் எங்கள் குடிசைப் பகுதிக்குச் சமூகசேவை செய்ய ஒரு தமிழ்ப்பெண் வருவாள். தீதி என்போம், இந்தியில் அக்கா. என் மகள் மலர் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த நேரம் அது. கரோல் பாக்கில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்றாள், கூடாது என்றுவிட்டேன். ஏன் என்றதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"மனசுல இருக்கிறத மலருக்குக் கடிதமா எழுதுங்கம்மா. அவகிட்ட குடுக்க வேணாம். நீங்களே படிச்சுப் பாருங்க, அப்புறம் நாம பேசலாம்," என்றாள் தீதி.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த கடிதம் ஊருக்குப் போடும் இன்லேண்ட் லெட்டர்தான். 'அன்புள்ள மகளுக்கு, நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தேன். (அன்புள்ள மகள் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.) இடம் மிச்சமிருந்ததால் அக்கம்பக்கத்துச் சேதியும் எழுதினேன். மளிகைக்கடைக்கார பையா இந்தியில் எங்கள் வீட்டு விலாசத்தையே எழுதிக்கொடுத்து, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எழுதினால் தபால் பெட்டியில் போட்டே பழகிய கை, போட்டுவிட்டது.

தபால்காரர் வந்தபோது தெருவே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது. மலர் படித்தது இந்திப் பள்ளிக்கூடம், தமிழ் படிக்க வராது. கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் புஷ்பத்திடம் நீட்டினாள். (புஷ்பம் எங்கள் தெரு ரேடியோ.) நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் ஒலிபரப்பு ஆரம்பமாகிவிட்டது.

"'புஷ்பத்தோடு சேராதே. அவள்...'" புஷ்பம் நிறுத்தினாள்.

"மேல படிக்கா, ஜல்தி!" என்றது வரிசை.

"'அவள் ஊர் வம்பு பேசுகிறவள்.'" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்குடி ஒனக்கு!"

குடத்துக்குள் தலையை விடலாமா என்று பார்த்தேன். வாய் சின்னது.

அடுத்த வரியில் புஷ்பத்தின் குரல் இறங்கியது. "'எனக்கு இந்தி போர்டு படிக்கத் தெரியாது. ஒருநாள் நீ திரும்பி வராவிட்டால், எந்த பஸ் ஏறி உன்னைத் தேடுவேன்? அதனால்தான் வேண்டாம் என்றேன்.'"

லாரி வந்து நின்றது. யாரும் குடத்தைத் தூக்கவில்லை. (அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததே இல்லை.)

"இத வாயால சொல்றதுக்கு என்னம்மா?" என்றாள் மலர். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "நாளைக்கு நீயும் கூட வா, வழி காட்டுறேன். பஸ் நம்பராவது படிப்ப இல்ல?"

"நம்பர் தெரியும்," என்றேன் குடத்தைப் பார்த்து.

விஷயம் கேட்ட தீதி தலையில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள், நிறுத்தவே இல்லை.

மலருக்கு இப்போது நொய்டாவில் வேலை. தினமும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் போடுவாள்: "அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல். பஸ் ஏறிட்டேன்."

பக்கத்து வீட்டிலிருந்து புஷ்பம் கத்துவாள்: "சத்தமா படிக்கச் சொல்லுடி, வரிசைக்குக் கேக்கல!"